எத்தனை டிகிரி இறக்கும்?

அப்பாவின் கடை சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏசி, வாட்டர் கூலர் ரிப்பேர். நான் பி.எச்டி. சேர்ந்த புதிதில், 2010 தீபாவளி லீவில், கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவரிடம் என் ஆராய்ச்சித் தலைப்பை விளக்கினேன். மாங்கனைட்டு என்று ஒரு செராமிக் இருக்கிறது, காந்தத்துக்குள் கொண்டுபோனால் சூடாகும், வெளியே எடுத்தால் குளிரும், அதை வைத்து கேஸும் கம்ப்ரசரும் இல்லாத ஃப்ரிட்ஜ் செய்யலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அப்பா கையிலிருந்த பிரேசிங் டார்ச்சை அணைத்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை டிகிரி இறக்கும்?"

பதில் என்னிடம் இல்லை. நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் என்ட்ரோபி மாற்றம்தான், அதாவது பொருளுக்குள் இருக்கும் ஒழுங்கின்மை எவ்வளவு மாறுகிறது என்ற கணக்குதான் இருந்தது. ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல். டிகிரியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. "அது வந்துப்பா, ஜூல் கணக்குல சொல்லுவாங்க" என்று இழுத்தேன். "சரி, கண்டுபிடிச்சிட்டுச் சொல்லு" என்று டார்ச்சை மறுபடி பற்ற வைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

கியூரி வெப்பநிலை என்றால் என்ன என்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதைத் தாண்டினால் காந்தத்தன்மை போய்விடும் என்று ஆரம்பித்தேன். "ரைஸ் குக்கர் கட்டாஃப்" என்றார். எனக்கு விளங்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய குக்கரின் பாத்திரத்தை எடுத்துவிட்டு, உள்ளே அடித்தட்டின் நடுவில் இருக்கும் காசு மாதிரியான பட்டனைக் காட்டினார். உள்ளே ஒரு காந்தம், அதன் மேல் ஒரு ஃபெரைட் கட்டை, நடுவில் ஸ்பிரிங். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். நூறைச் சற்றுத் தாண்டியதும் ஃபெரைட் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், லீவர் 'டக்'கென்று விழும். கியூரி வெப்பநிலை என்ற பெயர் தெரியாமலே முப்பது வருஷமாக அதை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார் மனிதர்.

அந்த 'டக்' விழுகிற இடத்தில்தான் என் ஆராய்ச்சியும் இருக்கிறது. கியூரி வெப்பநிலைக்குப் பக்கத்தில் அணுக்களின் குட்டிக் காந்தங்கள் இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்கிற நிலையில் ஊசலாடும். அப்போது வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தைக் கொடுத்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். வரிசைக்கு வந்த பிறகு அவற்றிடம் இருந்த ஆட்டம் எங்கே போகும்? அணுக்களின் அதிர்வாக மாறும், அதாவது பொருள் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் விட்டு எடுத்துவிட்டு, பிறகு காந்தத்தை விலக்கினால் குட்டிக் காந்தங்கள் மறுபடி ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய சூட்டைப் பொருளிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பொருள் குளிரும். கேஸை அமுக்கி விரியவிடுவதற்குப் பதிலாக இங்கே காந்தம்.

வரலாற்றையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பாதிக் கட்டுரைகள் '1881-ல் வார்பர்க் இரும்பில் கண்டுபிடித்தார்' என்றுதான் தொடங்கும். என் தீசிஸும் அப்படித்தான் தொடங்குகிறது. அது தவறு. அறை வெப்பநிலைக்கு மேலே நிக்கலில் இதை அளந்து, இது திரும்பத்தக்க விளைவு என்று புரிந்து சொன்னவர்கள் 1917-ல் வைஸும் பிக்காரும். 1.5 டெஸ்லாவில் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு அது) 0.7 டிகிரி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிரதியெடுத்து, அதை நான் பிரதியெடுத்து, வைவாவில் யாரும் கேட்கவும் இல்லை. 1933-ல் ஜியோக் இதே தந்திரத்தால் கடோலினியம் உப்பை 0.25 கெல்வின் வரை குளிர்வித்தார். 1949-ல் அவருக்கு வேதியியல் நோபல். அறை வெப்பநிலைக்கு இதைக் கொண்டுவந்தவர் நாசாவின் பிரவுன். 1976-ல், கடோலினியம் உலோகத்தை வைத்து, 7 டெஸ்லா காந்தத்தில். கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை கிட்டத்தட்ட 20 டிகிரி செல்சியஸ், அதுதான் அதன் அதிர்ஷ்டம். ஆனால் விலை அதிகம், தண்ணீர் பட்டால் அரித்துப்போகும். அதனால்தான் ஆக்சைடு பக்கம் எங்களைப் போன்றவர்கள் போனோம்.

மாங்கனைட்டு செய்வது எளிது என்பார்கள். லாந்தனம் ஆக்சைடு, கால்சியம் கார்பனேட், ஸ்ட்ரான்சியம் கார்பனேட், மாங்கனீசு ஆக்சைடு. எடை போட்டு, அகேட் உரலில் அசிட்டோன் விட்டு மணிக்கணக்கில் அரைத்து, ஆயிரம் டிகிரியில் சுட்டு, மறுபடி அரைத்து, அச்சில் அழுத்தி பத்து மில்லிமீட்டர் வில்லையாக்கி, 1300 டிகிரியில் ஒரு நாள் முழுக்கச் சுட வேண்டும். கன்னங்கரேலென்று, தட்டினால் 'கிண்' என்று ஓசை வரும் வில்லை கிடைக்கும். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் பயம் ஒன்றும் இருக்கவில்லை.

முதல் எட்டு மாதிரிகளும் கெட்டுப்போயின. உள்ளே என்னென்ன படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில், இருக்கக்கூடாத இடங்களில் மாங்கனீசு ஆக்சைடின் குட்டிக் குட்டி முகடுகள். கியூரி வெப்பநிலையும் சொன்ன இடத்தில் இல்லை. உலையைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், மாங்கனீசு வாங்கிய பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். மூன்று மாதம் போனது. மாடியில் வேறு லேபில் இருந்த ஒரு சீனியர் அக்கா ஒரு நாள் டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார். "லாந்தனத்தைச் சுட்டுட்டுத்தானே எடை போடுறே?"

நான் சுடவில்லை. பாட்டிலிலிருந்து அப்படியே ஸ்பேச்சுலாவில் எடுத்துப் போட்டிருந்தேன்.

லாந்தனம் ஆக்சைடு காற்றின் ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாக மாறிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அதே வெள்ளைப் பொடிதான். ஆனால் 325.8 கிராம் ஆக்சைடு முழுதாக மாறினால் 379.9 கிராம் ஆகிவிடும். பத்து கிராம் எடை போட்டோம் என்று நினைத்தால் உள்ளே இருப்பது எட்டரை கிராம் சொச்சம்தான். லாந்தனம் குறைந்தால் மாங்கனீசு மிஞ்சும், அந்த மிச்சம்தான் எக்ஸ்ரேயில் எனக்குக் கண் சிமிட்டியது. எடை போடுவதற்கு முந்தின இரவு ஆயிரம் டிகிரியில் சுட்டு, சூட்டோடு டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் புகாத கண்ணாடி ஜாடியில் வைத்து, ஆறியதும் மளமளவென்று எடை போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து அழாத குறையாக இதைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி நாங்க எதுக்கு வேக்கம் போடுறோம்? ஒரு சொட்டு ஈரம் உள்ள நின்னா கேபிலரில போய் ஐஸாகி அடைச்சிக்கும். புதுப் பையன் எல்லாரும் மொத மாசம் பண்ற தப்பு இது." இதை மூன்று மாதம் முன்னால் கேட்டிருக்கலாம்.

அப்புறம் 2012 வந்தது. அந்த வருஷத்துக் கரண்ட் கட்டைத் தமிழ்நாட்டின் வெளி மாவட்டங்களில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. 1300 டிகிரியில் இருபத்துநாலு மணி நேரம் சுட வேண்டிய வில்லை எனக்கு. ஜெனரேட்டர் லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உலையின் கன்ட்ரோலர் முதல் படியிலிருந்து தொடங்கும், நாம் பக்கத்தில் இருந்து கையால் மாற்ற வேண்டும். முறை வைத்து லேபிலேயே படுத்தோம். உலைப் பக்கம் என்பதால் கொசு வராது, அது ஒன்றுதான் சௌகரியம். பாதியில் அணைந்து அணைந்து வெந்த வில்லைகளில் ஆக்சிஜன் அளவு மாறியிருக்குமே என்ற கவலை வேறு. மாங்கனைட்டில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மூன்று பிளஸ் மாங்கனீசுக்கும் நான்கு பிளஸ் மாங்கனீசுக்கும் (மூன்று அல்லது நான்கு எலக்ட்ரானை இழந்தவை) உள்ள கணக்கு மாறிவிடும், கியூரி வெப்பநிலையும் கூடவே நகரும். அப்பாவுக்கோ அதுதான் சீசன். வோல்டேஜ் ஏறி இறங்கி ஊரில் பாதி வீட்டுக் கம்ப்ரசர் எரிந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று பிளஸ், நான்கு பிளஸ் கணக்கில்தான் மாங்கனைட்டின் அழகு. 1950-ல் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கரும் வான் சாந்தெனும் இதைக் கவனித்தார்கள். மூன்று பிளஸ் லாந்தனத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இரண்டு பிளஸ் கால்சியத்தை வைத்தால், அதுவரை இல்லாத காந்தத்தன்மை வருகிறது. அடுத்த வருஷம் ஜீனர் காரணம் சொன்னார். ஒரு மாங்கனீசிலிருந்து ஆக்சிஜன் வழியாக அடுத்த மாங்கனீசுக்கு ஒரு எலக்ட்ரான் தாவ வேண்டுமென்றால் இரண்டின் காந்தமும் ஒரே திசையில் இருந்தாக வேண்டும். தாவுவதால் லாபம், லாபத்துக்காக எல்லாம் ஒரே திசையில் நிற்கும். கால்சியத்துக்குப் பதில் உருவில் பெரிய ஸ்ட்ரான்சியத்தை நுழைத்தால், மாங்கனீசு-ஆக்சிஜன்-மாங்கனீசு வளைவு நிமிரும், தாவல் எளிதாகும், கியூரி வெப்பநிலை ஏறும். டென்மார்க்கில் ரிஸோ ஆய்வகத்தார் 2005-ல் காட்டியது இது: முழுக்கக் கால்சியம் என்றால் 267 கெல்வின், முழுக்க ஸ்ட்ரான்சியம் என்றால் 369. அதாவது உறைநிலைக்குக் கீழேயிருந்து கொதிநிலைக்குப் பக்கம் வரை, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். உப்புப் போடுகிற மாதிரி, ஒரு சிட்டிகை கூடக் குறைய. இந்த வசதி வேறு எந்தக் காந்தக் குளிர்ப்பொருளிலும் இவ்வளவு மலிவாகக் கிடையாது என்பது என் எண்ணம்.

மாதிரிகளை அளக்க வேறு ஊர் நிறுவனத்துக்கு அனுப்பினோம். காந்தத்தன்மையை மிக நுணுக்கமாக அளக்கும் ஸ்குவிட் கருவி எங்களிடம் இல்லை. கோடி ரூபாய்க் கருவிக்குள் மாதிரியை எதில் வைத்து இறக்குகிறார்கள் தெரியுமா? ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவில். நிஜமாகத்தான். அதன் காந்தத்தன்மை மிகக் குறைவு, ஒரே சீராகவும் இருக்கும். கியூரி வெப்பநிலையைச் சுற்றி மூன்று மூன்று கெல்வினாக, ஒவ்வொன்றிலும் 0-விலிருந்து 5 டெஸ்லா வரை அளந்து தரச் சொன்னோம். நாலு மாதம் கழித்து ஒரு சிடி வந்தது. வெப்ப இயக்கவியலில் 'மேக்ஸ்வெல் தொடர்பு' என்று ஒரு சூத்திரம் உண்டு, அதில் போட்டால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும். வரைபடத்தில் முகடு அழகாக எழுந்து நின்றது. கட்டுரை எழுதினோம். கடைசி வரி: 'ஆகவே இப்பொருள் காந்தக் குளிர்பதனத்துக்கு ஏற்றது.'

அந்த வரியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். 5 டெஸ்லா என்பது மீக்கடத்திக் காந்தம். ஹீலியத்தில் மூழ்கிக் கிடப்பது. ஒரு ஃப்ரிட்ஜுக்குள் வைக்கக்கூடியது நியோடிமியம் நிலைக்காந்தம்தான், அதில் உருப்படியான இடைவெளியில் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை டெஸ்லா. எங்கள் அட்டவணையில் 5 டெஸ்லாவுக்கான எண்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. இன்னொரு தந்திரமும் உண்டு: 'ஒப்புக் குளிர்த்திறன்'. முகட்டின் உயரத்தை அகலத்தால் பெருக்குவது. முகடு குட்டையாக, சப்பையாகப் பரந்து கிடந்தாலும் இந்த எண் பெரிதாக வந்து நிற்கும். மாதிரி சரியாக வேகாமல், உள்ளே இடத்துக்கு இடம் கலவை மாறிக் கிடந்தாலும் முகடு பரக்கும்! மோசமாகச் செய்த மாதிரிக்கு நல்ல மார்க். நானும் அந்த எண்ணைப் போட்டு இரண்டு கட்டுரை வெளியிட்டிருக்கிறேன்.

டிகிரிக் கணக்குக்கு வருகிறேன். கால்சியம் மட்டும் போட்ட மாதிரியில் 1.2 டெஸ்லாவுக்கு என்ட்ரோபி மாற்றம் அந்த ஜூல் கணக்கில் ஐந்தைத் தாண்டி ஆறை ஒட்டி வரும், கடோலினியத்தைவிடக் கூடுதல். படிக்க நன்றாக இருக்கிறதா? ஆனால் அந்த முகடு உறைநிலைக்குக் கீழே, ஊசி மாதிரி ஒல்லியாக நிற்கும். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரக் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் அது பாதியாகிவிடும், 2.8 அளவில். இனி அதை வெப்பநிலையால் பெருக்கி, வெப்ப ஏற்புத்திறனால், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஜூலால், வகுக்க வேண்டும். அந்த மாதிரியின் கியூரி வெப்பநிலையான 285 கெல்வினை 2.8-ஆல் பெருக்கி 550-ஆல் வகுத்தால் ஒன்றரை டிகிரி. அவ்வளவே. அதே புலத்தில் கடோலினியம் மூன்று டிகிரியைத் தொடும்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? மாங்கனைட்டில் ஐந்து அணுவுக்கு ஒரு மாங்கனீசு. காந்த வேலை செய்வது அது ஒன்றுதான். மூன்று ஆக்சிஜனும் ஒரு லாந்தனமும் சும்மா உட்கார்ந்து சூட்டில் பங்கு வாங்கிக்கொள்ளும். சம்பாதிப்பது ஒரு ஆள், சாப்பிடுவது ஐந்து பேர். கடோலினியம் உலோகத்தில் ஒவ்வொரு அணுவும் சம்பாதிக்கிறது.

2015-ல் தீசிஸ் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஒன்றரை டிகிரிப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெர்மோஸ்டாட்டோட கட்டின், கட்டாஃப் வித்தியாசமே அதைவிட ஜாஸ்தியாச்சே பாப்பா."

உண்மைதான். ஆனால் ஒன்றரை டிகிரியோடு கதை முடியவில்லை என்று அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன். மெல்லிய தகடுகளை அடுக்கி இடையில் தண்ணீர் ஓடவிட வேண்டும். காந்தம் வந்ததும் தகடு சூடாகும், தண்ணீரைக் குளிர்ப் பக்கத்திலிருந்து சூட்டுப் பக்கம் தள்ளு. காந்தம் போனதும் தகடு குளிரும், தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முனை கொஞ்சம் ஏறும், மறுமுனை கொஞ்சம் இறங்கும். தகடே தனக்குத் தானே சூட்டைச் சேமித்துக் கொடுக்கும். நூறு சுற்றுக்குப் பிறகு இரண்டு முனைக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை டிகிரியைப் போலப் பல மடங்கு இருக்கும். "கேபிலரியை சக்ஷன் லைனோட ஒட்டி விடுறோமே, அந்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு சூடு மாத்திக்கிதா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். அடுக்கின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வெப்பநிலையில் நிற்கும், அந்தந்த இடத்துக்கு ஏற்ற கியூரி வெப்பநிலை உள்ள பொருளை அங்கங்கே வைத்தால் நல்லது. ஸ்ட்ரான்சியம் சிட்டிகைக் கணக்கு இங்கேதான் கை கொடுக்கும். செராமிக் என்பதால் துருப்பிடிக்காது, மெல்லிய தகடாக வார்க்கலாம். மின்தடை அதிகம் என்பதால் காந்தம் வேகமாக வந்து போனாலும் சுழல் மின்னோட்டத்தில் வீணாகச் சூடாகாது. இவ்வளவு நல்ல குணத்தையும் வைத்துக்கொண்டு ஒன்றரை டிகிரிதான் தருகிறதே என்பதுதான் என் வருத்தம்.

2015 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஹையர், ஆஸ்ட்ரனாடிக்ஸ், பி.ஏ.எஸ்.எஃப். என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து காந்தத்தில் ஓடும் வைன் கூலர் ஒன்றைக் காட்டினார்கள். அதில் மாங்கனைட்டு இல்லை. இன்றுவரை வீட்டுச் சாமான் கடைகளில் அப்படி ஒன்று வரவும் இல்லை. நியோடிமியம் காந்தத்தின் விலையும் எடையுமே பெரிய தடை.

இன்னொன்று. என் தீசிஸின் முதல் பக்கத்தில், புவி வெப்பமாக்கும் வாயுக்களுக்கு மாற்று வேண்டும் என்று எழுதியிருந்தேன். அப்பாவின் கடையில் ஆர் 12 என்ற பழைய ஃப்ரிட்ஜ் கேஸின் சிலிண்டர் போய், கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரத்து நானூறு மடங்கு சூடாக்கும் 134ஏ வந்து, நான் அந்த வரியை எழுதிய நேரத்தில் ஆர் 600ஏ வந்துவிட்டிருந்தது. அது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் உறவுக்காரன். தீப்பிடிக்கும் என்பதைத் தவிர அதன் மேல் பெரிய குற்றம் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை என் முதல் பக்கம் எழுதும்போதே பழசு. ஏசிக்கு அந்த வாதம் இன்னும் செல்லும், ஆனால் ஏசி கேட்கிற குளிருக்கு இந்தத் தகடுகள் இப்போதைக்குக் காணாது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மிச்ச வில்லைகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. அப்பா அதில் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கடைச் சுவரில் திருகி, மூன்றையும் வரிசையாக ஒட்டப் பார்த்தார். 285 கெல்வின் வில்லை, அதாவது 12 டிகிரி, சாத்தூரில் என்றைக்குமே ஒட்டாது. அதை ஃப்ரீசரில் வைத்து எடுத்து வந்து ஒட்டிக் காட்டி, வேர்த்து விழுகிறவரை வாடிக்கையாளரை நிற்க வைப்பார். முழு ஸ்ட்ரான்சியம் வில்லை எந்த வெயிலுக்கும் அசையாது. நடுவில் இருப்பது 300 கெல்வின், 27 டிகிரி. மார்கழி, தை காலையில் கடை திறந்ததும் ஒட்டி வைத்தால் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏற ஏறப் பிடி தளர்ந்து கீழே வைத்திருக்கும் தகர டப்பாவில் விழும். எத்தனை மணிக்கு விழுந்தது என்று கடை நோட்டில், கேஸ் கணக்குக்குப் பக்கத்தில், குறித்து வைக்கிறார்.

நேற்று வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது போன் வந்தது.

"நடுவுல உள்ளது விழுந்திருச்சு பாப்பா. மணி இன்னும் ஒன்பதரைகூட ஆகலை."